புது வீட்டுக்கு என்ன வாசல்?

குழு: வடக்குத்தெரு குடும்பம்
ஞாயிற்றுக்கிழமை

நான் – காலை 7:10
எல்லோருக்கும் வணக்கம். தோவாளை வீட்டுக்குப் பேஸ்மட்டம் (சுவருக்குக் கீழே வரும் அடிக்கட்டு) முடிந்துவிட்டது. நிலை (கதவைத் தாங்கும் வாசல் சட்டம்) வைத்த பிறகுதான் சுவர் எழும்பும். தலைவாசல் அளவைப் புதன்கிழமைக்குள் சொல்லச் சொல்கிறார் மேஸ்திரி. ஆவணியில் முதல் முகூர்த்தத்துக்கே நிலை வைக்கலாம் என்று அம்மா நாள் பார்த்திருக்கிறாள். நாலு கதவுப் படம் அனுப்புகிறேன். மனதில் பட்டதைச் சொல்லுங்கள்.

நான் – காலை 7:11
[4 படங்கள்]

தம்பி – காலை 7:19
மூன்றாவது படம்தான் அக்கா! கீல் இல்லாமல் மேலும் கீழும் அச்சில் சுழல்கிற கதவு. நாலரை அடி அகலம், எட்டடி உயரம். இங்கே கோயம்புத்தூரில் புது வீடுகளில் நிறையப் பார்க்கிறேன். விரல் வைத்தால் திறக்கிற டிஜிட்டல் பூட்டும் போட்டுவிடு.

அண்ணன் – காலை 7:26
எனக்கும் அதன் அழகு பிடித்திருக்கிறது. ஆனால் நம் வீட்டின் முகத்தை நினைத்துப் பார். ஒரே தளம், பூசாத செங்கல் சுவர், முன்னால் தாழ்வாக ஓட்டுச் சாய்ப்பு. அதற்குள் எட்டடிக் கதவை நிறுத்தினால் கதவு மட்டும்தான் தெரியும், வீடு தெரியாது. ஏழடி போதும்.

சித்தப்பா – காலை 7:40
மக்கா, படம் எல்லாம் பார்த்தேன். உன் மனை எந்தப் பார்வை?

நான் – காலை 7:41
மேற்குப் பார்த்த மனை சித்தப்பா.

சித்தப்பா – காலை 7:52
அப்படியென்றால் முதலில் காற்றைக் கேள், பிறகு கதவைக் கேள். ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குப் பக்கத்தில் வீடு கட்டுகிறாய். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. ஆனி ஆடியில் மேற்கே இருந்து வருகிற காற்று நேராக உன் வாசலில்தான் வந்து மோதும். மூன்றாவது படத்துக் கதவைத் தேக்கில் இரண்டு அங்குல கனத்தில் செய்தால் நூறு கிலோவுக்கு மேல் வரும். பிடி நழுவி அது அடித்தால் குழந்தை விரல் என்ன ஆகும்? அப்புறம், அச்சில் சுழல்கிற கதவுக்கு அடியில் இடைவெளி விட்டே ஆக வேண்டும். சாரல் அது வழியாக உள்ளே வரும்.

நான் – காலை 7:55
காற்றை நான் யோசிக்கவே இல்லை சித்தப்பா. சரி, மூன்றாவது வேண்டாம்.

அண்ணன் – காலை 8:03
நாலாவது படமும் வேண்டாம். சென்னையில் என் பிளாட்டுக்கு அதே மாதிரிதான் வாங்கினேன். உள்ளே ஒட்டுப்பலகை, மேலே தேக்குத் தோல். கடையில் பார்க்கும்போது முழுத் தேக்கு போலவே இருந்தது. இரண்டாவது மழைக்காலத்தில் கீழ் மூலையில் தோல் கிளம்பியது. விரலால் தூக்கினால் பழைய நோட்டு அட்டை போலப் பிரிந்து வந்தது. விற்றவரிடம் கேட்டதற்கு, தண்ணீர் படக்கூடாது என்றார். வெளிக்கதவில் தண்ணீர் படாமல் எப்படி இருக்கும்? உள் அறைக்கு அந்தக் கதவு போதும். தலைவாசலுக்கு வேண்டாம்.

அத்தை – காலை 8:15
தேக்குதான் வேண்டும் என்றில்லை. நம் ஊர்ப் பக்கம் பழைய வீடுகளில் பாதி அயனி மரம்தானே? வள்ளம் (படகு) கட்டுகிற மரம். நம் பழைய வடக்குத்தெரு வீட்டு நிலையும் அயனிதான் என்று அப்பா சொல்லியிருக்கிறார்.

சித்தப்பா – காலை 8:31
அக்கா சொன்னது சரி. அயனியும் பலாவும் நம் ஈரத்துக்குப் பழகிய மரங்கள். எது வாங்கினாலும் வைரம், அதாவது மரத்தின் நடுவில் உள்ள கெட்டிப் பகுதி, பார்த்து வாங்க வேண்டும். மரக்கடையில் முப்பது வருஷம் கணக்கு எழுதினேன், அதனால் சொல்கிறேன். அறுத்த கட்டையின் முனையைப் பார்த்தால் ஓரத்தில் வெளுப்பாக ஒரு பட்டை ஓடும். அதை வெள்ளை என்போம். புழு முதலில் அதில்தான் இறங்கும். வெள்ளையை மறைக்கத்தான் சில இடங்களில் முன்கூட்டியே சாயம் பூசி வைப்பார்கள். பூசாத கட்டையைத்தான் காட்டச் சொல்ல வேண்டும்.

நிலைக்கு 5க்கு 4 அங்குலச் சட்டம் போடு. ஏழடிக்கு மூன்றரை அடி என்றால் கீழ்ப்படியும் சேர்த்து 21 அடி நீளம். ஏறக்குறைய 3 கன அடி மரம். கடையில் கணக்குக் கேட்கும்போது இது கையில் இருக்கட்டும்.

நான் – காலை 8:34
எழுதிக்கொண்டேன். கதவு ஒரே பலகையாகத் தெரிகிற மாதிரி செய்யலாமா, பழைய மாதிரிச் சட்டம் போட்டுச் செய்யலாமா?

சித்தப்பா – காலை 8:47
சட்டம் போட்டது. அழகுக்காகச் சொல்லவில்லை. மரம் நீளவாக்கில் பெரிதாக மாறாது, அகலவாக்கில்தான் ஊதும், சுருங்கும். நமக்கு இரண்டு மழைக்காலம், ஜூனில் ஒன்று, அக்டோபரில் ஒன்று. வருஷத்துக்கு இரண்டு தடவை கதவு மூச்சு விடும் என்று வைத்துக்கொள். சட்டத்தில் காடி (நீளப் பள்ளம்) எடுத்து, பலகையைப் பசை போடாமல் அதற்குள் செருகி விட்டால், ஊதுகிற பலகை காடிக்குள்ளேயே விரிந்துகொள்ளும். கதவு இறுகாது. ஒரே அகலப் பலகை என்றால் ஒன்று நிலையில் போய் முட்டும், இல்லாவிட்டால் வெடிக்கும்.

தம்பி கேட்ட டிஜிட்டல் பூட்டும் போடலாம், தப்பில்லை. ஆனால் பலகையில் துளைக்கக் கூடாது. ஓரத்து நெடுஞ்சட்டத்தில்தான் வர வேண்டும். அதற்கு அந்தச் சட்டம் 5 அங்குல அகலமாவது இருக்கட்டும். ஆசாரியிடம் இப்போதே சொல்லி வை.

தம்பி – காலை 8:50
நன்றி சித்தப்பா! பூட்டின் கனம் எல்லாம் பார்த்துச் சொல்கிறேன்.

மைனி (அண்ணி) – காலை 9:20
இட்லி ஊற்றிவிட்டு இப்போதுதான் பார்த்தேன். எல்லோரும் கதவையே பேசுகிறீர்கள். ஆச்சி வாக்கர் வைத்து நடக்கிறார்கள். பேஸ்மட்டம் 2 அடி உயரம். வாசலில் மூன்று படி மட்டும்தான் வரைந்திருக்கிறது. ஆச்சி எப்படி ஏறுவார்கள்?

நான் – காலை 9:22
சரிவு போடுவோம் என்று வாய்ச்சொல்லாகச் சொன்னோம் மைனி. படத்தில் ஏற்றவில்லை.

மைனி – காலை 9:33
சக்கர நாற்காலிக்கும் வாக்கருக்கும் ஓர் அடி ஏற 12 அடி ஓட்டம் வேண்டும். 2 அடிக்கு 24 அடி. உங்கள் முன்முற்றமே 15 அடிதான். நேராகப் போட்டால் தெருவில் போய் நிற்கும். அதனால் வடக்குச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் எடுத்து, கதவுக்கு முன்னால் சமதளமாக ஒரு ஐந்தடி விட வேண்டும். கதவைத் திறக்கும்போது வாக்கரோடு நிற்க அந்த இடம் தேவை. அப்புறம், கதவு திறந்தால் தெளிவாக மூன்றடி வழி கிடைக்க வேண்டும். நிலை மூன்றரை அடி என்றால் சட்டம் போக இரண்டே முக்கால்தான் மிஞ்சும். நாலடி நிலை கேளுங்கள்.

அண்ணன் – காலை 9:36
இன்னும் ஓரடி கூட்டி ஐந்தடி என்றால் இரட்டைக் கதவாக்கலாமே?

மைனி – காலை 9:38
சரிபாதியாக வேண்டாம். ஒரு பக்கம் மூன்றடி, இன்னொரு பக்கம் சிறியது. தினமும் பெரியது மட்டும் திறக்கும். கட்டில், பீரோ வரும்போது இரண்டையும் திறக்கலாம். காற்றுக்கும் இது அடங்கும்.

சித்தப்பா – காலை 9:41
நல்ல யோசனை மருமகளே. நான் சொன்ன 21 அடி 24 ஆகும், அவ்வளவுதான்.

அம்மா – காலை 9:55
கீழ்ப்படி வேண்டாம் என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். வெள்ளிக்கிழமை மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்கப் படி இல்லாத வாசல் எனக்கு வாசலாகவே தெரியாது.

மைனி – காலை 10:02
படி இருக்கட்டும் அத்தை. அதைத் தரைக்குள் இறக்கிப் பதித்து, அரை அங்குலம் மட்டும் வெளியே தெரிகிற மாதிரி விளிம்பைச் சரிவாக இழைக்கச் சொல்வோம். வாக்கர் தடுக்காது. மஞ்சள் பூசுகிற இடம் அப்படியே இருக்கும்.

அம்மா – காலை 10:04
அப்படியென்றால் சரிதான்.

நான் – காலை 10:30
அம்மா, ஆச்சியிடமும் கேள். படங்களைக் காட்டு.

அம்மா – காலை 10:52
காட்டினேன். ஆச்சி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “கதவெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நான் எங்கே இருக்க? சாயங்காலம் பூக்காரி வருவா, பால்காரன் வருவான், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போகும். கதவைத் திறந்தா நேரே காரு நிக்கி. நான் காரையா பாத்துட்டு இருக்க?”

அம்மா – காலை 10:54
எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

நான் – காலை 10:58
எனக்கும் தொண்டை அடைக்கிறது அம்மா. படத்தைத் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வாசலை ஒட்டி கார் நிற்கிற இடம்தான் இருக்கிறது. திண்ணையே இல்லை. நாலு மாதமாகப் பார்க்கிற படம், ஒரு நாளும் எங்கள் கண்ணில் படவில்லை.

அத்தை – காலை 11:06
பத்மநாபபுரம் அரண்மனைப் பூமுகத்தை, அதுதான் அந்த முகப்பு மண்டபத்தை, நினைத்துக்கொள். உள்ளே நுழைந்ததும் முதலில் கிடைப்பது நிழலும் உட்கார இடமும்தானே. மரக் கூரையில் 90 பூ செதுக்கியிருக்கிறார்கள், ஒன்று போல இன்னொன்று இல்லை. நின்று அண்ணாந்து பார்க்க வைக்கிற இடத்தில்தான் அந்த வேலையைச் செய்திருக்கிறார்கள். நமக்குப் பூ செதுக்க வேண்டாம். வருகிறவர்கள் செருப்பைக் கழற்றி ஒரு நிமிடம் உட்கார இடம் இருந்தால் போதும்.

சித்தப்பா – காலை 11:15
கதவுக்கும் அதுதான் நல்லது. மேற்கு வெயிலும் சாரலும் நேரே படுகிற கதவுக்கு எந்த பாலிஷும் தாங்காது. ஓட்டுச் சாய்ப்பை நாலடி முன்னுக்கு இழுத்துத் தாழ்த்து. அதன் அடியில் திண்ணை போடு. கார் தெற்கே தள்ளிப் போகட்டும், அங்கே இடம் இருக்கிறதா?

நான் – காலை 11:40
இவரிடம் பேசிவிட்டேன். தெற்கே கிணற்றுக்கு முன்னால் கார் நிற்கும். இப்போது செங்கல்தான் எழும்ப வேண்டும், இடிக்க ஒன்றும் இல்லை என்று மேஸ்திரியும் சொல்லிவிட்டார். கதவுக்கு வடக்கே சரிவு, தெற்கே திண்ணை. ஒன்றரை அடி உயரம், இரண்டடி அகலம், ஆறடி நீளம். ஆச்சி தெருவைப் பார்த்துச் சாய்ந்து உட்காரலாம்.

மைனி – காலை 11:44
ஒன்றரை அடி சரியான உயரம். அவர்கள் எழுந்திருக்க ஓரத்தில் ஒரு கைப்பிடி வையுங்கள்.

அத்தை – நண்பகல் 12:10
வடக்குத்தெரு வீட்டைப் பிரிக்கும்போது பழைய கதவை என்ன செய்யப் போகிறீர்கள்? ஆக்கர் (பழைய சாமான்) வியாபாரிக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

அண்ணன் – நண்பகல் 12:18
அதைத் தலைவாசலாக்க முடியாது அத்தை, ஐந்தரை அடிதான் உயரம். வெட்டி ஒட்டுப்போடவும் எனக்கு மனம் வரவில்லை. பூஜை அறைக்கு அப்படியே நிலையோடு வைப்போம். குனிந்து நுழைகிற வாசல் அங்கே பொருத்தம். கீல் இல்லாமல் குடுமியில் (மேலும் கீழும் நீட்டிய மர முளையில்) சுழல்கிற கதவு அது. திறக்கும்போது வருமே ஒரு முனகல், எண்ணெய் விட்டு அதை நிறுத்திவிடக் கூடாது.

அம்மா – நண்பகல் 12:25
அந்தச் சத்தத்தில் வந்தது யார் என்று ஆச்சி அடுக்களையில் இருந்தே சொல்வார்கள். உங்கள் அப்பா மெதுவாகத் திறப்பார், நீ இடித்துத் திறப்பாய்.

சித்தப்பா – பிற்பகல் 2:05
சாப்பிட்டு வந்தேன். கதவு வந்தபின் ஒரு வேலை மறக்காதே மக்கா. மாட்டுவதற்கு முன்னால் கதவின் மேல் விளிம்பிலும் அடி விளிம்பிலும் பாலிஷ் ஏறியிருக்கிறதா என்று கையால் தடவிப் பார். கண்ணுக்குத் தெரியாத இடம் என்று விட்டுவிடுவார்கள். தண்ணீரை அந்த முனைகள்தான் குடிக்கும். நிலைக்கும் கதவுக்கும் நடுவில் இரண்டு ஒரு ரூபாய்க் காசை அடுக்கி நுழைக்கிற அளவு இடைவெளி இருக்கட்டும்.

நான் – பிற்பகல் 2:20
சரி சித்தப்பா. செவ்வாய்க்கிழமை மரக்கடைக்கு நீங்களும் வர முடியுமா?

சித்தப்பா – பிற்பகல் 2:21
காலை எட்டு மணிக்கு வந்து நிற்பேன்.

அம்மா – மாலை 5:40
புதுப் படத்தை ஆச்சியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்கள்: “பாட்டா பாக்கு இடிச்ச கல்லு?”

அம்மா – மாலை 5:43
[படம்]
பழைய திண்ணையின் ஓரக் கல். நடுவில் கட்டைவிரல் இறங்குகிற அளவுக்குக் குழி. உங்கள் தாத்தா நாற்பது வருஷம் அதே இடத்தில் இடித்தார். மழை பெய்தால் அந்தக் குழியில் தண்ணீர் நிற்கும், குருவி வந்து குடிக்கும்.

நான் – மாலை 5:46
புதுத் திண்ணையின் ஓரத்தில் அதைத்தான் வைக்கப் போகிறோம் அம்மா. ஆச்சியிடம் இப்போதே சொல்லிவிடு.

அண்ணன் – மாலை 5:50
அந்தக் கல்லைத் தூக்க நாலு பேர் வேண்டும். சனிக்கிழமை ராத்திரி ரயிலேறி வந்துவிடுகிறேன். நான் ஒருவன்.

தம்பி – மாலை 5:51
நான் இரண்டாவது.