கொடை மேடையில் வண்டு கத்தியது: கிட்டார் மாடலரை விற்றுவிடவா?

பாளைக் கம்பி:
போன வெள்ளிக்கிழமை நாங்குநேரிப் பக்கம் ஒரு அம்மன் கோவில் கொடை, எங்கள் மெல்லிசைக் குழுவுக்கு ராத்திரி ஏழு மணிக்கு மேடை. இரண்டு மாசமாக ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வீட்டில் எல்லோரும் தூங்கின பிறகு உட்கார்ந்து, என் கிட்டார் மாடலரில் (ஆம்ப், ஸ்பீக்கர், பெடல் எல்லாவற்றின் சத்தத்தையும் போலி செய்கிற டிஜிட்டல் பெட்டி) 24 பேட்ச், அதாவது சேமித்து வைத்த சத்த அமைப்பு, செய்து வைத்திருந்தேன். பாட்டுக்கு ஒன்று, டிலே (எதிரொலி) நேரம்கூட அந்தந்தப் பாட்டின் வேகத்துக்குக் கணக்குப் பண்ணியது. வீட்டில் கேட்டால் எனக்கே கண் கலங்கும். மேடையில் கிளீன் சவுண்ட் பானைக்குள் பேசுகிற மாதிரி வந்தது, டிஸ்டார்ஷனை (கரகரப்புச் சத்தம்) மிதித்ததும் தகர டப்பாவில் வண்டை அடைத்த மாதிரி ஆகிவிட்டது. மூன்றாவது பாட்டில் சோலோ. விரல் ஓடுகிறது, எனக்கே ஒன்றும் கேட்கவில்லை, பாடகர் திரும்பி என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. அதற்கப்புறம் மிக்சரில் இருந்த அண்ணன் என் ஃபேடரை (சத்தத்தை ஏற்றி இறக்கும் கட்டை) அடியோடு இறக்கிவிட்டார் என்று பந்தலுக்கு வெளியே நின்ற என் தம்பி சொல்லித்தான் தெரியும்.

இன்னும் இரண்டு வாரத்தில் பாளையில் ஒரு சர்ச் அசன விழா இருக்கிறது. அதற்குள் இந்தப் பெட்டியை விற்று கிட்டார் ஆம்ப் வாங்கிவிடலாமா என்று யோசனை. வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

அம்பை கோரஸ்:
விற்றுவிடு தம்பி, இதில் யோசிக்க என்ன இருக்கிறது. என்னிடம் இருப்பது ரோலண்ட் ஜேசி-120. 1975-ல் வந்த ஆம்ப், இன்றைக்கும் விற்கிறார்கள். பின்னால் ஆம்ப், அதன் முன்னால் ஒரு மைக், காலடியில் மூன்று பெடல். சத்தம் பானை மாதிரி இருந்தால் கையை நீட்டி பாஸ் குமிழைத் திருகுவேன், முடிந்தது. நீ குனிந்து மெனுவுக்குள் மெனுவாகப் போய்க்கொண்டிருப்பதற்குள் சாமியாடி ஆடி முடித்து திருநீறு கொடுக்க ஆரம்பித்திருப்பார். அந்தப் பெட்டிக்குள் இருப்பது ஆம்ப் மாதிரி, கேபினெட் மாதிரி, மைக் மாதிரி. மாதிரியை வைத்துக் கச்சேரி செய்தால் கச்சேரி மாதிரிதான் இருக்கும்.

வண்ணாரப்பேட்டை வயர்:
வசனம் நன்றாக இருக்கிறது அண்ணாச்சி. ஆனால் பையன் ஹெட்போனில் ராத்திரி உட்கார்ந்து செய்தேன் என்று எழுதியிருக்கிறானே, அந்த வரியைத் தாண்டிப் போய்விட்டீர்களே. சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காது அடிக்குரலையும் கூர்ச்சத்தத்தையும் சரியாகப் பிடிக்காது, நடுப்பகுதிதான் தூக்கலாகக் கேட்கும். 1933-லேயே ஃப்ளெட்சரும் மன்சனும் பெல் ஆய்வகத்தில் இதை அளந்து கோடு போட்டுக் காட்டிவிட்டார்கள். மெதுவாக வைத்துக்கொண்டு, காணோமே காணோமே என்று பாஸையும் ட்ரெபிளையும் ஏற்றிச் செய்த பேட்சை மேடைச் சத்தத்தில் திறந்துவிட்டால் பானையும் வண்டும்தான் வரும். இவன் ஜேசி-120-ஐயே கட்டிலுக்கடியில் வைத்து முணுமுணுப்பாக செட் பண்ணியிருந்தாலும் இதே கதிதான்.

தம்பி, உனக்கு. ஆம்பில் இருக்கிற 12 அங்குல ஸ்பீக்கர் சுமார் 5000 ஹெர்ட்ஸுக்கு மேலே தானாகவே கையை விரித்துவிடும், அதனால்தான் அதில் டிஸ்டார்ஷன் உருண்டையாக வருகிறது. மேடை ஸ்பீக்கரில் கூர்ச்சத்தத்துக்கென்றே ட்வீட்டர் இருக்கிறது, கொடுத்ததையெல்லாம் அப்படியே துப்பும். கேப் அல்லது ஐஆர் பிளாக் (ஆம்ப் ஸ்பீக்கர் பெட்டியைப் போலி செய்கிற பகுதி) ஓடுகிறதா என்று முதலில் பார், அது அணைந்திருந்தால் வண்டு எங்கிருந்து வந்தது என்று வேறு எங்கும் தேட வேண்டாம். ஓடுகிறது என்றால் அதற்குள்ளேயே மேலே வெட்டுகிற ஹை கட்டை 6000 ஹெர்ட்ஸ் பக்கம் கொண்டு வா, கீழே வெட்டுகிற லோ கட்டை 100-ல் வை. கீழ்க் கம்பி 82 ஹெர்ட்ஸ் ஆயிற்றே, வெட்டுப்படுமே என்று பதறாதே. அந்த இடத்தில் ஏற்கெனவே பாஸ் கிட்டாரும் கிக் டிரம்மும் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்.

மைக்செட்காரன்:
நான் கிட்டார் வாசிக்கிறவன் இல்லை, ஊர் ஊராகப் போய் செட்டுப் போடுகிறவன். நீங்கள் பேசுவதைப் பார்த்தால் சிரிப்பாக வருகிறது வே. கொடைக்கு மேடை ஓரத்தில் ரெண்டு பெரிய பாக்ஸ் நிற்கும், சரி. தெரு முழுக்கக் கம்பத்திலும் புளியமரத்திலும் கட்டியிருப்பது குழாய் ஸ்பீக்கர். பக்கத்து ஊருக்குக் கேட்க வேண்டும் என்பதுதான் நிர்வாகிகளின் ஒரே கோரிக்கை. குழாயில் அடிக்குரல் ஏறவே ஏறாது, நடு மட்டும்தான் போகும். உங்கள் ரிவெர்ப் (அறை முழக்கம்), கோரஸ், ஸ்டீரியோ எல்லாம் அதில் போய் விழுந்தால் புழுதி கிளப்பின மாதிரி இருக்கும்.

எங்களைப் படுத்துகிற விஷயம் வேறு. இந்தப் பெட்டிக்காரர்கள் ஒவ்வொரு பேட்சுக்கும் ஒரு சத்தம் வைத்திருக்கிறார்கள். ஒன்றை மிதித்தால் இடி, அடுத்ததை மிதித்தால் ஆளே இல்லை. நான் பாடகர், தபேலா, ரிதம் பேட், ரெண்டு கீபோர்டு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும், இவர் ஒருத்தருக்காக ஃபேடரிலேயே விரலை வைத்துக்கொண்டு நிற்க முடியுமா? இடி இடிக்கிற பேட்சுக்குத் தோதாக இறக்கி வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்ப்பேன். சோலோ கேட்கவில்லை என்றால் அதுதான் காரணம், உங்கள் அண்ணனும் அதைத்தான் செய்திருப்பார்.

அப்புறம் ஆம்ப்காரர்களும் ரொம்பத் துள்ள வேண்டாம். சின்ன மேடையில் ஆம்பை முறுக்கி வைத்தால் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற ஆச்சிமாருக்கு கிட்டார் மட்டும்தான் கேட்கும். அதே சத்தம் பாடகரின் மைக்கிலும் ஏறும், நான் பாடகரை ஏற்றினால் கிட்டாரும் கூடவே ஏறும், கடைசியில் கூ என்று ஊளையிடும். திட்டு எனக்கு.

அம்பை கோரஸ்:
அதற்குத்தான் ஆம்பை நாற்காலியில் ஏற்றிச் சாய்த்து என் காதைப் பார்த்து வைக்கிறேன், ஆச்சிமாரைப் பார்த்து இல்லை. ஆனால் அண்ணாச்சி, நீங்களே சொல்லுங்கள், கொடைக்கு மேடையில் வாசிக்கிறவர்கள் கேட்கிற மானிட்டர் ஸ்பீக்கர் எத்தனை கொண்டுவருகிறீர்கள்? ரெண்டு. ஒன்று பாடகருக்கு, இன்னொன்று தாளக்காரருக்கு. கிட்டார்காரன் தான் வாசிப்பதை எங்கே கேட்பான்? பையன் எழுதியிருக்கிறானே, எனக்கே கேட்கவில்லை என்று. ஹை கட்டை 6000-ல் வைத்தால் அது கேட்டுவிடுமா?

கரண்ட் இன்னொரு தலைவலி. ஜெனரேட்டரில் ஓடுகிற மேடை, திடீரென்று எவனாவது கோபுரச் சீரியல் செட்டைப் போடுவான், வோல்டேஜ் ஒரு முக்கு முக்கும். என் ஆம்ப் ஒரு நொடி மங்கிவிட்டுத் திரும்ப வந்துவிடும். தசரா சமயத்தில் ஒரு மேடையில் பார்த்தேன், மாடலர் வைத்திருந்தவருக்குத் திரை கறுத்து, அது மறுபடி எழுந்து பெயர் காட்டி முடிப்பதற்குள் பல்லவி முடிந்து சரணம் வந்துவிட்டது. மனுஷன் கிட்டாரைப் பிடித்துக்கொண்டு சிலை மாதிரி நின்றார். போதாததற்கு அந்தப் பெட்டியில் விரலுக்கும் சத்தத்துக்கும் நடுவில் ஒரு தாமதம் வேறு.

வண்ணாரப்பேட்டை வயர்:
தாமதம் என்று பேச்சை எடுத்தால் கணக்கும் போட வேண்டும். ஒலி ஒரு மில்லி செகண்டுக்கு ஏறக்குறைய 34 சென்டிமீட்டர் போகும். நல்ல மாடலரில் இரண்டு மூன்று மில்லி செகண்ட், அதாவது ஆம்புக்கு ஒரு மீட்டர் தள்ளி நிற்பதற்குச் சமம். நீங்கள் ஆம்பை விட்டு மூன்று மீட்டர் முன்னால் வந்து நின்று வாசிக்கும்போது ஒன்பது மில்லி செகண்ட் பிந்தித்தான் கேட்கிறீர்கள், அதைக் குறை சொன்னதே இல்லையே.

கரண்ட் விஷயம் உண்மை, அதில் வழக்கே இல்லை. கம்ப்யூட்டருக்கு வைக்கிற சின்ன யூபிஎஸ் ஒன்றை மேடைக்குக் கீழே போட்டுவிட்டால் தீர்ந்தது, நான் அப்படித்தான் செய்கிறேன். அடாப்டரையும் சும்மா விடக் கூடாது. ஹெச்எக்ஸ் ஸ்டாம்ப் மாதிரிப் பெட்டி 9 வோல்ட்டில் 3 ஆம்பியர் கேட்கும், பெடலுக்கு வாங்கின 500 மில்லி ஆம்பியர் அடாப்டரைச் செருகிவிட்டு மெஷின் சரியில்லை என்று அழுதவர்கள் உண்டு.

மானிட்டர் விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நியாயம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கு ஆம்ப்தான் வேண்டும் என்று யார் சொன்னது? பத்து அங்குல பவர்டு ஸ்பீக்கர் ஒன்றைக் காலடியில் சாய்த்து வைத்துக்கொண்டு, மாடலரின் ஜாக் அவுட்டை அதற்கும், எக்ஸ்எல்ஆர் (மைக் கேபிள் செருகுகிற மூன்று முள்) அவுட்டை மிக்சருக்கும் கொடுத்தால் போதும். எக்ஸ்எல்ஆரின் சத்தத்தைப் பூட்டி வைத்துவிட்டு ஜாக்கை மட்டும் குமிழில் ஏற்றி இறக்கும் வசதி பல பெட்டிகளில் இருக்கிறது, அதைத் தேடி வை. இல்லையென்றால் எனக்குக் கேட்கவில்லை என்று நீ குமிழைத் திருக, வெளியே ஊருக்கும் சேர்த்துச் சத்தம் ஏறும்.

மைக்செட்காரன்:
எக்ஸ்எல்ஆர் கொடுக்கிறவர்கள் லைன் லெவலா (பலமான சிக்னல்) மைக் லெவலா (மெல்லிய சிக்னல்) என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். லைனில் வைத்துவிட்டு மைக் சானலில் குத்தினால் படீரென்று சிவப்பு எரியும். மிக்சர் மைக்குக்காக அனுப்புகிற பேண்டம் 48 வோல்ட்டை அணைக்கச் சொல்லிக் கேளுங்கள், கேட்டால் யாரும் கோபப்பட மாட்டோம். ங்ங் என்று இரைந்தால் கிரவுண்ட் லிஃப்ட் பொத்தானை அமுக்குங்கள், இல்லாத பெட்டிக்கு நடுவில் போடுகிற டிஐ பாக்ஸ் (சிக்னலை மிக்சருக்குத் தோதாக மாற்றுகிற சின்னப் பெட்டி) கேளுங்கள், தருகிறேன். பிளக்கில் எர்த் முள்ளை மட்டும் வெட்டாதீர்கள். இரைச்சல் நின்றுவிடும், ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று மைக்கில் உதட்டை வைக்கிற பாடகருக்கு ஷாக் அடிக்கும்.

கீபோர்டு டீச்சர்:
எல்லோரும் கொடையைப் பற்றியே பேசுகிறீர்கள், தம்பிக்கு அடுத்தது சர்ச். பாளையில் பழைய ஆலயங்களில் வாசித்தவர்களுக்குத் தெரியும், உயரமான கூரை, கல் சுவர், கைதட்டினால் அந்தச் சத்தம் அடங்க நேரமாகும். அங்கே பேட்சில் ஒரு பொட்டு ரிவெர்ப் வைத்தாலும் பாட்டுக்கு மேல் பாட்டு ஏறிக் குழம்பும். ரிவெர்பை முழுசாக எடுத்துவிடு, டிலேயையும் பாதியாக்கு. டிஸ்டார்ஷன் கெயினை வீட்டில் வைத்ததில் பாதிக்கு வை. மேடை வெளியே பந்தலில்தான் என்றால் இதை மறந்துவிடலாம், முதலில் எங்கே என்று விசாரி.

பாளைக் கம்பி:
விசாரித்தேன் டீச்சர், ஆலயத்துக்குள்தானாம். நேற்று ராத்திரி பெட்டியைத் திறந்து பார்த்தேன், சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஐஆர் ஓடுகிறது, ஆனால் ஹை கட் தொடவே இல்லை, 20,000-ல் நிற்கிறது. அவுட்புட் ஸ்டீரியோ, கொடையில் நான் கொடுத்தது இடது ஜாக் மட்டும், ஆகவே வலப்பக்கம் போன டிலே எல்லாம் காற்றோடு போயிற்று. சோலோவுக்கு வைத்திருந்த பூஸ்ட் ஆம்ப் பிளாக்குக்கு முன்னால் இருக்கிறது. அது தப்பா?

வண்ணாரப்பேட்டை வயர்:
தப்பில் பெரிய தப்பு அதுதான். ஏற்கெனவே டிஸ்டார்ஷனில் நிரம்பி நிற்கிற ஆம்புக்கு முன்னால் பூஸ்ட் வைத்தால் சத்தம் ஏறாது, இன்னும் நசுங்கும், அவ்வளவுதான். நிறைந்த குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற வேலை. பூஸ்டைத் தூக்கி ஆம்ப், கேப் இரண்டுக்கும் பின்னால் போடு, 3 அல்லது 4 டெசிபல், கூடவே 1000 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் தூக்கு. குழாயிலும் அந்த இடம்தான் போகும், மைக்செட் அண்ணாச்சி சொன்னது அதுதான். அவுட்புட்டை மோனோ ஆக்கு. அப்புறம் அந்த 24 பேட்சையும் அழித்துவிடு என்று சொன்னால் அழுவாய், ஆகவே காப்பி எடுத்து வைத்துவிட்டு அழி. ஒரே ஒரு பேட்ச், அதற்குள் நாலு ஸ்னாப்ஷாட் (ஒரே பேட்சுக்குள் சேமிக்கிற வேறு வேறு நிலை): கிளீன், ஆர்பெஜியோ, டிஸ்டார்ஷன், சோலோ. ஒரே ஆம்ப் என்பதால் மாறும்போது நடுவில் வெட்டு விழாது, டிலே வாலும் அறுபடாது, நாலு சத்தத்தை மட்டம் பார்ப்பதும் எளிது. மட்டம் பார்ப்பதை மீட்டரில் ஆரம்பி, காதில் முடி. டிஸ்டார்ஷன் தனியாகக் கேட்டால் பெரிசாக இருக்கும், டிரம்ஸ் சேர்ந்ததும் காணாமல் போகும்.

அம்பை கோரஸ்:
ஒரு ஆம்ப், நாலு சத்தம். கடைசியில் என் வழிக்கே வந்துவிட்டீர்களே. இதைத்தானே நான் மூன்று பெடலில் பதினைந்து வருஷமாகச் செய்கிறேன், யூபிஎஸ்ஸும் இல்லாமல், ஃப்ளெட்சரும் இல்லாமல்.

வண்ணாரப்பேட்டை வயர்:
28 கிலோ இல்லாமலும் என்று சொல்லுங்கள் பார்ப்போம். அம்பையிலிருந்து பஸ்ஸில் உங்கள் ஆம்புக்கு லக்கேஜ் டிக்கெட் போட்ட கதையை நீங்களே ஒரு நாள் சொல்லிச் சிரித்தீர்கள்.

மைக்செட்காரன்:
சண்டை போதும். தம்பி, சனிக்கிழமை மத்தியானம் நம்ம கொட்டகைக்கு வா, பேட்டையிலிருந்து உள்ளே வருகிற ரோடுதான். ரெண்டு பாக்ஸ் போட்டு கச்சேரிச் சத்தத்தில் வைக்கிறேன், குழாயும் ஒன்று கட்டுகிறேன், நாலு சத்தத்தையும் அங்கே நின்று செட் பண்ணிக்கொண்டு போ. அக்கம்பக்கத்தில் எல்லாம் வேலைக்குப் போயிருப்பார்கள், அஞ்சு மணிக்குள் முடித்துவிட வேண்டும். அம்பைக்காரரும் ஆம்பைக் கொண்டுவரட்டும், ரெண்டையும் ஒரே பாக்ஸில் விட்டு நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறேன்.

அம்பை கோரஸ்:
வருகிறேன். ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டில் இறக்க ஒரு ஆள் வேண்டும்.

பாளைக் கம்பி:
நான் வந்து இறக்குகிறேன் அண்ணாச்சி. ஆட்டோவும் பேசி வைக்கிறேன், என் பெட்டியை மடியில் வைத்துக்கொள்கிறேன், உங்களுடையது சீட்டில் வரட்டும்.