எருக்கு வெட்டுக்கிளியின் விந்தகத்தில் குரோமோசோம்கள் தெளிவாகத் தெரியவில்லை

காரைக்குடி ஆசிரியை:
இளநிலை விலங்கியல் மாணவிகளுக்குக் குன்றல் பகுப்பை (குரோமோசோம் எண்ணிக்கை பாதியாகும் செல் பகுப்பு) காட்டுவதற்காக, கண்மாய்க் கரை எருக்கஞ்செடிகளில் பிடித்த ஆண் வெட்டுக்கிளிகளின் விந்தகத்தை எடுத்து, எத்தனாலும் அசிட்டிக் அமிலமும் 3:1 என்று கலந்த திரவத்தில் ஓர் இரவு வைத்திருந்து, அசிட்டோகார்மைனில் சாயமேற்றி நசுக்கிப் பார்த்தேன். நுண்ணோக்கியில் விந்தணுக் கட்டுகளும் இளஞ்சிவப்புக் குழம்பும்தான் தெரிகின்றன. சாயம் சரியில்லையா, செல் பகுப்பைப் பாதியில் நிறுத்தும் கால்ச்சிசின் மருந்தைச் செலுத்தாததுதான் காரணமா?

தேவகோட்டை, ஓய்வுபெற்ற விரிவுரையாளர்:
சாயத்தின் மீது பழி போட வேண்டாம் அம்மா. விந்தணுக் கட்டுகள் மிகுதி என்று தாங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது. முதிர்ந்த ஆணில் பெரும்பாலான செல்கள் பகுப்பை முடித்து விந்தணுவாகிவிடுவதால், இறகு முழுதாக வளராத கடைசிப் பருவ இளம்பூச்சியையோ, தோலுரித்து ஓரிரு நாளே ஆன ஆணையோ தேர்ந்தெடுங்கள். (இளம்பூச்சி முதுகிலிருந்து பீய்ச்சும் திரவம் கண்ணில் படக் கூடாது, எருக்கம்பால் தின்று வளர்ந்தது அது.) விந்தகத்தைச் சூழ்ந்த மஞ்சள் கொழுப்பை நீக்கி, ஒன்றிரண்டு நுண்குழல்களை மட்டும் கண்ணாடித் தகட்டில் வைத்து, மூடு கண்ணாடியின் மேல் மையொற்றுத் தாளை மடித்துப் போட்டு, கட்டைவிரலால் நேர்கீழாக அழுத்துங்கள், பக்கவாட்டில் நகர்ந்தால் செல்கள் உருண்டு சிதைந்துவிடும். கால்ச்சிசின் இதற்குத் தேவையே இல்லை. பகுப்பில் இருக்கும் செல்கள் இங்கே இயல்பாகவே ஏராளம்.

புதுவயல், ஆய்வக உதவியாளர்:
ஐயா சொன்னதோடு ஒன்று. 3:1 திரவத்தை அன்றன்றைக்கே கலக்க வேண்டும். வைத்திருந்தால் எத்தனாலும் அமிலமும் வினைபுரிந்து எத்தில் அசிட்டேட் ஆகிவிடும். சாயம் வெளிறித் தெரிந்தால், சாயத் துளியில் இரும்பு ஊசியால் ஓரிரு முறை கிளறிப் பாருங்கள். சிறிதளவு இரும்பு சேர்ந்தாலே கார்மைன் கருமையாகும். அதிகம் கிளறினால் செல் முழுவதும் கறுத்துவிடும்.

காரைக்குடி ஆசிரியை:
இன்று இளம்பூச்சியில் செய்தேன். முதல் மெட்டாபேஸில் (குரோமோசோம்கள் செல்லின் நடுவே வரிசையாக நிற்கும் நிலை) 9 குரோமோசோம் இணைகளும், இணையில்லாத ஒன்றும் எண்ண முடிந்தது. அந்த ஒன்று விடுபட்டுப்போன துண்டா என்று மாணவிகள் கேட்கிறார்கள்.

தேவகோட்டை, ஓய்வுபெற்ற விரிவுரையாளர்:
துண்டு அன்று, பாலினத்தை நிர்ணயிக்கும் எக்ஸ் குரோமோசோமே அது. இந்த இனத்தில் ஆணுக்கு ஒய் கிடையாது என்பதால் ஆணுக்கு மொத்தம் 19, பெண்ணுக்கு 20. அதே தகட்டில் பகுப்பின் தொடக்கமான முதல் புரோபேஸ் நிலையில் உள்ள செல்களையும் காட்டுங்கள். மற்றவை மெல்லிய நூலாக இருக்கும்போதே எக்ஸ் மட்டும் சுருண்டு, ஓரத்தில் கரும்பொட்டாகத் தெரியும்.