'ஹை ஆக்டேன்' என்றால் 'உயர்திறன் எரிபொருளா'?

அன்புள்ள நண்பர்களுக்கு,

'ஹை ஆக்டேன்' பெட்ரோலை 'உயர்திறன் எரிபொருள்' என்று எழுதுவதைப் பார்க்கிறேன். நம் சொற்பட்டியலில் ஏறுமுன் இதைத் தடுத்துவிட வேண்டும். ஆக்டேன் எண் ஆற்றலை அளப்பதே இல்லை. அழுத்தமும் சூடும் ஏறும்போது, தீப்பொறி படாமலே தானாகப் பற்றிக்கொள்ளாமல் எரிபொருள் எவ்வளவு தாக்குப்பிடிக்கிறது என்பதைத்தான் அது சொல்கிறது. ஐசோ ஆக்டேனுக்கு 100, நார்மல் ஹெப்டேனுக்கு 0 என்று வைத்துக்கொண்டு ஒப்பிட்டுத் தரும் எண். எத்தனாலின் எண் 100ஐத் தாண்டும். ஆனால் ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். இதில் 'உயர்திறன்' எங்கே வந்தது?

சொல் தவறினால் செயலும் தவறும். 98 ஆர்ஓஎன் (ஆய்வுமுறை ஆக்டேன் எண்) பெட்ரோலுக்கென வடித்த இசியு (எஞ்சினை ஆளும் கணினி), நாக் சென்சரில், அதாவது கலவை தானாகப் பற்றும் சத்தத்தைக் கேட்கும் உணரியில், சத்தம் கேட்டால் ஸ்பார்க் பிளக்கின் பொறியைச் சில டிகிரி பிந்தவைக்கும். சத்தம் அடங்கினால் அட்டவணையில் எழுதியிருக்கும் அளவுவரை மெல்ல மெல்ல முந்தவைக்கும். அதற்குமேல் போக அங்கே இடமில்லை. 91 ஆர்ஓஎன் ஊற்றி ஓட்டியவர் 98க்கு மாறினால் இழந்த இழுவை திரும்பும். அதே காரில், எதையும் மாற்றாமல், 110 ரேஸ் பெட்ரோல் ஊற்றினால் இளைப்பது பணப்பை மட்டும்.

முன்மொழிவு: நாக் – தட்டல், ஹை ஆக்டேன் எரிபொருள் – தட்டல்தாங்கு எரிபொருள்.

\* \* \*

> நாக் – தட்டல்

'உயர்திறன்' வேண்டாம் என்பதில் உடன்பாடே. ஆனால் 'தட்டல்' தனியாக நின்றால் பட்டறையில் குழப்பம் வரும். கனெக்டிங் ராடு பேரிங் தேய்ந்தாலும் தட்டும், டேப்பெட் இடைவெளி கூடினாலும் தட்டும். அவற்றுக்கு எந்தப் பெட்ரோலும் மருந்தாகாது.

நாம் பேசுவது வேறு. பிளக் மூட்டிய தீ பரவிக்கொண்டிருக்கிறது. அது போய்ச் சேருமுன்பே ஓரத்தில் நசுங்கிக் கிடக்கும் மிச்சக் கலவை ஒரேயடியாகப் பற்றிக்கொள்கிறது. அந்த அழுத்த அலை சிலிண்டர் சுவர்களுக்கு நடுவே முன்னும் பின்னும் மோதுகிறது. 86 மி.மீ. விட்டமுள்ள சிலிண்டரில் இது சுமார் 6.5 கிலோஹெர்ட்ஸ் ஒலி. பிளாக்கில் போல்ட் போட்டு இறுக்கிய சென்சர் இந்த ஒலிக்குத்தான் காது கொடுக்கிறது. (போல்ட்டை டார்க் ரெஞ்ச் இல்லாமல் கைக்கணக்கில் இறுக்கினால் அந்தக் காது மந்தமாகிவிடும்.) எரிதலால் வரும் தட்டல் என்பதால் 'எரிதட்டல்' என்பேன்.

இன்னொன்று: பொறி விழுமுன்பே, பழுத்துச் சிவந்த கரிப்படிவோ பிளக் முனையோ கலவையைப் பற்றவைப்பதை இதோடு சேர்க்கக் கூடாது. அது 'முன்பற்றல்'. பொறியைப் பிந்தவைத்தால் எரிதட்டல் அடங்கும். முன்பற்றல் பொறிக்குக் காத்திருப்பதில்லை என்பதால் அடங்காது, பிஸ்டனில் ஓட்டை போட்டுவிட்டுத்தான் ஓயும்.

\* \* \*

> 'எரிதட்டல்' என்பேன்

எரிபொருள் வினைத்தொகை: எரிந்த, எரிகின்ற, எரியும் பொருள். தட்டல் எரிவதில்லையே! எரியால் விளையும் தட்டல் என்று விரித்தால் மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை; வல்லினம் மிகும். ஆகவே 'எரித்தட்டல்'. நாக் சென்சர் 'எரித்தட்டல் உணரி' ஆகட்டும். ஆக்டேன் எண்ணைத் தொட வேண்டாம், அது வேதிப்பொருளின் பெயரால் வந்தது.

\* \* \*

'எரித்தட்டல்' என்பதில் 'த்' மிகுவதை ஏற்கிறேன். 'ரேஸ் எரிபொருள்' என்று பொதுவாக எழுதாமல், கெடுதல் எப்படி வரும் என்று காட்டும் இரண்டு அடைமொழிகள் வேண்டும்.

'ஈயமிட்ட': இதன் படிவு ஆக்சிஜன் சென்சரையும் புகையைத் தூய்மையாக்கும் வினையூக்கி மாற்றியையும் மூடி முடக்கும். சாலைக் காரில் ஒரு டேங்க்கூட ஊற்றக் கூடாது.

'ஆக்சிஜனூட்டிய': ஈயம் இல்லாவிட்டாலும் காற்று–எரிபொருள் விகிதம் மாறும். பெட்ரோலுக்கு எடைக்கணக்கில் 14.7:1 என்றால் இ85க்கு (85% வரை எத்தனால் கலந்த பெட்ரோல்) 9.8:1 அளவு. இதற்கென வடிக்காத இசியு தன் திருத்த எல்லைவரை பெட்ரோலைக் கூட்டிப் பார்த்துவிட்டுக் கைவிரிக்கும்; பி0171 (கலவையில் எரிபொருள் போதவில்லை) என்ற பிழையோடு எஞ்சின் விளக்கு எரியும்.

கலப்புக்கு எடுத்துக்காட்டும் சேர்க்கலாம்: 95 ஆர்ஓஎன் 30 லிட்டர், 105 ஆர்ஓஎன் 10 லிட்டர் சேர்ந்தால் தோராயமாக 97.5. எத்தனால் கலந்தவற்றில் இந்த நேர்க்கணக்கு பொருந்தாது. இரண்டும் ஒரே அளவுமுறையில் இருக்கவும் வேண்டும். ஆர்ஓஎன், எம்ஓஎன் (மோட்டார்முறை ஆக்டேன் எண்) இரண்டின் சராசரிதான் ஏகேஐ (ஆன்டி நாக் இண்டெக்ஸ்). 93 ஏகேஐ என்பது ஏறக்குறைய 98 ஆர்ஓஎன். அந்த ஏகேஐக்குத்தான் இன்னும் சொல் இல்லை. 'எரித்தட்டல் எதிர்ப்புச் சுட்டெண்' நாக்கைச் சுளுக்குகிறது. சுருக்கமாக யாரேனும் சொல்லுங்கள்.