வடக்குப் பார்த்த பல்கனியில் மிளகாய் காய்க்குமா?

வெள்ளவத்தை_மாடி:
"வடக்குப் பார்த்த பல்கனியில வெயிலே விழாது, மிளகாய் நடாதீங்க" எண்டு நேற்று ஒருத்தர் இங்க தீர்ப்பு எழுதியிருக்கிறார். லண்டன் ஆக்களுக்குச் சொன்னதைத் தூக்கிக்கொண்டு வந்து கொழும்பில நடுகிறியள். இஞ்ச அகலாங்கு வடக்கு 6.9 பாகை, மத்திய கோட்டுக்குக் கிட்ட. ஏப்ரல் முதல் கிழமை சூரியன் உச்சிக்கு வரும். பிறகு செப்டெம்பர் முதல் கிழமை வரைக்கும் மத்தியானத்தில வடக்குப் பக்கம்தான் நிக்கும். முழுசா அஞ்சு மாசம்!

கொச்சிக்காய்_13:
எழுதினது நான்தான், பேரைச் சொல்லியே ஏசலாம். அந்த அஞ்சு மாசத்துல மே முதல் தென்மேற்குப் பருவக்காற்று தானே? மே, ஜூன்ல மேகம் விலகினா பார்ப்போம். உங்க கணக்குல வெயில் இருக்கு, செடிக்கு இல்ல.

தும்புத்தூள்:
நேரடி வெயிலையும் வெறும் வெளிச்சத்தையும் முதல்ல பிரிச்சுக் கதைப்பமே? மிளகாய்க்கு ஆறு மணித்தியாலம் எண்டது நேரடி வெயில்.

வெள்ளவத்தை_மாடி:
அதைப் பிறகு பாப்பம். வடக்கில விழுமா, விழாதா? விழும். ஜூன் 21 மத்தியானம் சூரியன் வடக்கில 73 பாகை உயரத்தில நிக்கும். தலைக்கு மேல இருக்கிற மாடித்தட்டு 9 அடி உயரமெண்டால் வெயில் நிலத்தில பல்கனி விளிம்பிலயிருந்து இரண்டே முக்கால் அடிக்குள்ளதான். அதிலயும் முதல் ஒரு அடியை 3 அடிக் கைபிடிச் சுவர் மறைச்சுப்போடும். சாடியைச் சுவரடியில நிலத்தில வைச்சிட்டு வடக்கைக் குறை சொல்லக் கூடாது. 2 அடி ஸ்டாண்டில ஏத்தி, சுவரை ஒட்டி வையுங்கோ. மார்ச்சில நாற்று, ஏப்ரலில சாடி. ஒக்டோபருக்குப் பிறகு அதே இடத்தில வல்லாரை.

கொச்சிக்காய்_13:
ஸ்டாண்ட், சுவர், பாகை... அப்போ சும்மா விழாது தானே? நான் சொன்னதும் அதுதான். நிழல்ல கணுவுக்குக் கணு நீளும், தண்டு மெலியும், பூ கொட்டும். உடனே யூரியா போடுவாங்க, இன்னும் நெட்டையாகும். மண்ணும் காயாது, வேர் அழுகும்.

வெள்ளவத்தை_மாடி:
நிழலைப் பற்றி ஆர் கேட்டது? வடக்கைப் பற்றிச் சொல்லுங்கோ.

நாற்றுமேடை:
நிழல்ல வளர்ந்த நாற்றை ஒரே நாள்ல அந்த ஸ்டாண்டுக்கு ஏத்தாதீங்க, இலை வெள்ளையா வெந்துடும். முதல் நாள் காலை வெய்யில் ஒரு மணித்தியாலம், ஒரு கிழமைல கூட்டிக்கொண்டு போகணும்.

வெள்ளவத்தை_மாடி:
"வெய்யில்" இல்லை, "வெயில்".

நாற்றுமேடை:
எப்படி எழுதினாலும் இலை வேகும் ஐயா. போன மாசம் வாழைப்பழத் தோலை ஊறவைச்சுச் செடிக்கு ஊத்துற தண்ணி பற்றிக் கதைச்சப்பவும் இப்படித்தான் எழுத்துப்பிழை பிடிச்சீங்க, பூஞ்சணம் வந்ததுக்குப் பதில் வரல்ல.

வெள்ளவத்தை_மாடி:
அது மூடி வைச்சவையின்ர பிழை. இஞ்ச கேள்வி வடக்கு.

தும்புத்தூள்:
எதிரில எட்டு மாடிக் கட்டடம் நிண்டால் வடக்கென்ன, தெற்கென்ன...

கொச்சிக்காய்_13:
அதைச் சொல்லுங்க! தெற்குன்னா டிசம்பர்ல சூரியன் 60 பாகைக்குச் சரியும், அஞ்சு அடி உள்ள வரும், வானமும் வெளிச்சிருக்கும். வடக்குல அந்தக் கதையே இல்ல.

வெள்ளவத்தை_மாடி:
டிசம்பரில ஆர் வடக்கைக் கேட்டது? அதுசரி, உங்கட வடக்கு வடக்குத்தானா? இரும்புக் கம்பிக்குக் கிட்டப் போனை வைச்சுத் திசை பார்த்தால் முள் விலகும். நடு அறையில நிண்டு திரும்பப் பாத்திட்டு வாங்கோ.

கொச்சிக்காய்_13:
மூணு தரம் பார்த்தாச்சு. வடக்குதான். வெயில்தான் இல்ல.