அப்பாவின் முதுகும் 412 கிலோமீட்டரும்: ஐஎக்ஸ்3 பதிவு செய்யலாமா?

மாடிவீட்டுக்காரி எழுதியது:

என்னிடம் இருப்பது பதினோரு வயது டீசல் கார். மூன்று லட்சத்துப் பத்தாயிரம் கிலோமீட்டர் எனக்காக உழைத்துவிட்டது. இப்போது ஏற்றத்தில் கிளட்ச் வழுக்குகிறது. வண்டியை மாற்ற வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. எந்த வண்டிக்கு மாறுவது என்பதுதான் நான்கு வாரமாகத் தூக்கத்தைக் கெடுக்கிறது.

2025 செப்டம்பரில் மியூனிக் வாகனக் கண்காட்சியில் பிஎம்டபிள்யூ தன் புதிய ஐஎக்ஸ்3 மின்சாரக் காரை வெளியிட்டதிலிருந்து என் மனம் அதிலேயே நிற்கிறது. பயன்படுத்தக்கூடிய பேட்டரி 108.7 யூனிட் (கிலோவாட் மணி). டபிள்யூஎல்டிபி என்ற ஆய்வகச் சோதனைக் கணக்கில் ஒரே மின்னேற்றத்தில் 805 கிலோமீட்டர் வரை. 800 வோல்ட் அமைப்பு, 400 கிலோவாட் வரை மின்னேற்றம், 10 விழுக்காட்டிலிருந்து 80 விழுக்காடு வர 21 நிமிடம். படிக்கும்போது எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது.

என் தேவையைச் சொல்லிவிடுகிறேன். அலுவலகம் போய்வர நாளுக்கு 46 கிலோமீட்டர். மாதம் ஒருமுறை 412 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பெற்றோர் வீட்டுக்குப் போய், அப்பாவை மருத்துவரிடம் காட்ட அழைத்து வருகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவருக்குக் கீழ்முதுகில் அறுவைச் சிகிச்சை நடந்தது. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் அவரால் உட்கார முடியாது. வாயைத் திறந்து வலிக்கிறது என்று சொல்லமாட்டார். பேச்சு குறையும், பிறகு நின்றுவிடும், அப்போது நான் வண்டியை ஓரம் கட்டிவிடுவேன். இடது தொடையை இரண்டு கையாலும் தூக்கி வெளியே வைத்து, கதவின் மேல்விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுவார். சிக்னலில் நிற்கும்போது எஞ்சினின் நடுக்கம் இருக்கை வழியே ஏறி முதுகில் வந்து உட்காருகிறது என்று ஒரே ஒருமுறை சொன்னார். அன்றைக்கு முடிவு செய்தேன், அடுத்த வண்டியில் எஞ்சின் இருக்கக்கூடாது.

நான் கேட்பது இவைதான். அந்த 805ஐ நம்பி 412 கிலோமீட்டர் போகலாமா? அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் என் நிறுத்துமிடத்தில் சாதாரண பிளக் மட்டும் இருக்கிறது, அது போதுமா? முதல் ஆண்டிலேயே வாங்கலாமா, ஓராண்டு பொறுக்கலாமா? முன்பதிவுப் படிவம் மேசைமேல் இருக்கிறது.

நான்காம்கியர் எழுதியது:

சகோதரி, நான்கு ஆண்டுகளாக மின்சாரக் கார் ஓட்டுகிறேன். வேறு நிறுவனத்தின் வண்டி.

முதலில் அந்த 805. டபிள்யூஎல்டிபி சோதனை 30 நிமிடம், 23.25 கிலோமீட்டர், சராசரி வேகம் மணிக்கு 46.5 கிலோமீட்டர். அறையின் வெப்பநிலை 23 டிகிரி. பொய்யான சோதனை அன்று, உங்கள் அலுவலகப் பயணத்துக்கு ஓரளவு பொருந்தவும் செய்யும். நெடுஞ்சாலைக்குப் பொருந்தாது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. 100இலிருந்து 120க்குப் போனால் அந்த எதிர்ப்பு மட்டும் 44 விழுக்காடு அதிகம். இந்த உயரமும் எடையும் உள்ள வண்டி 120இல் நூறு கிலோமீட்டருக்கு 21 யூனிட் குடிக்கும் என்று வைத்துக்கொண்டே நான் கணக்குப் போடுவேன். 412 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 87 யூனிட். முழு மின்னேற்றத்தோடு கிளம்பினால் ஐந்தில் ஒரு பங்கு மீதியோடு சேர்ந்துவிடுவீர்கள். மழையும் எதிர்க்காற்றும் குளிரும் சேர்ந்த நாளில் அந்த மீதி கரைந்துவிடும்.

ஆனால் உங்கள் பயணம் இடைநிற்காத பயணம் இல்லையே! அப்பாவுக்காக எப்படியும் இரண்டு இடங்களில் நிற்கிறீர்கள். என்னைப் போன்றவர்களுக்கு மின்னேற்ற நேரம் காத்திருப்பு. உங்களுக்கு அது அப்பா நடக்கும் நேரம். ஒன்றை மட்டும் கவனியுங்கள். 21 நிமிடம் என்பது பேட்டரி 10 விழுக்காட்டில் இருக்கும்போது தொடங்கும் கணக்கு. 150 கிலோமீட்டரில் நீங்கள் நிறுத்தும்போது பேட்டரியில் 70 விழுக்காடு இருக்கும், அந்த நிலையில் 400 கிலோவாட் கிடைக்காது. அந்த 21 நிமிடத்தையே வகுத்துப் பாருங்கள்: 76 யூனிட் ஏறுகிறது, சராசரி 217 கிலோவாட்தான். 400 என்பது கொஞ்ச நேரம் தொடும் உச்சம். வழியில் இருப்பது 50 கிலோவாட் மின்னேற்ற நிலையமாக இருந்தால் 20 நிமிடத்தில் 16 யூனிட், அதாவது சுமார் 80 கிலோமீட்டர். உங்களுக்கு அதுவே போதும். ஆகவே வண்டியின் காகிதத்தை மூடிவைத்துவிட்டு, அந்த 412 கிலோமீட்டரில் எந்தெந்த இடத்தில் நிலையம் இருக்கிறது, அங்கே நிழல் இருக்கிறதா, அப்பா நடக்கச் சமதரை இருக்கிறதா, கழிப்பறை இருக்கிறதா என்று உங்கள் பழைய காரிலேயே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

இன்னொன்று, இதை யாரும் விற்பனைக்கூடத்தில் சொல்லமாட்டார்கள். பேட்டரி தரைக்கு அடியில் இருப்பதால் பல மின்சாரக் கார்களில் பின்பக்கத் தளம் உயர்ந்திருக்கும். என் வண்டியில் அம்மா பின்னால் உட்கார்ந்தால் முழங்கால் தூக்கிக்கொண்டு நிற்கும், தொடைக்கு அடியில் என் உள்ளங்கை நுழையும் அளவு இடைவெளி. எடை முழுவதும் இடுப்பில் இறங்குகிறது. ஒரு மணி நேரத்தில் களைத்துவிடுவார். வாங்கிய பிறகுதான் கண்டுபிடித்தேன். முதுகு அறுவை செய்தவருக்கு இது சிறிய விஷயமில்லை. அப்பாவை உட்காரவைத்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

பழைய மெக்கானிக் எழுதியது:

அம்மா, பிளக் பற்றி நான் சொல்கிறேன். 230 வோல்ட்டில் 10 ஆம்பியர் என்றால் 2.3 கிலோவாட். 46 கிலோமீட்டருக்குப் பத்து யூனிட் வைத்துக்கொண்டால் ஐந்து மணி நேரத்துக்குள் ஏறிவிடும். தினசரிக்குத் தாராளம். காலியான பேட்டரியை அதில் நிரப்ப இரண்டு நாள் ஆகும், எனவே வெள்ளிக்கிழமைப் பயணத்துக்குப் புதன் இரவே பிளக்கைச் செருகுங்கள். ஆனால் சுவரில் இருக்கும் பழைய பிளக்கை அப்படியே நம்பாதீர்கள். சாதாரண பிளக் என்றால் சற்று நேரம் இஸ்திரி போடத்தான் வைத்திருப்பார்கள். இரவு முழுக்க 10 ஆம்பியர் இழுத்தால் தளர்ந்த திருகு சூடாகும், பிளாஸ்டிக் பழுப்பாகும், பிறகு கருகும். அப்படிக் கருகிய பிளக்குகளை நானே கழற்றியிருக்கிறேன். மீட்டரிலிருந்து தனி வயர், தனி பிரேக்கர், சரியான எர்த். அடுக்ககச் சங்கத்தின் அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொண்டு பிறகு பதிவு செய்யுங்கள். வண்டி வந்து நின்ற பிறகு அனுமதிக்கு அலைவது பெரும் வேதனை.

முதல் ஆண்டு விஷயத்தில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. போர்ஷே டைகான் 2019இல் வந்தது, மிக நல்ல வண்டி. 2024இல் அதையே புதுப்பித்தபோது மின்னேற்ற உச்சம் 270 கிலோவாட்டிலிருந்து 320 ஆனது, ஒரே மின்னேற்றத்தில் ஓடும் தூரமும் வெகுவாகக் கூடியது. முதலில் வாங்கியவர்களின் வண்டி ஒரே நாளில் பழையதாகிவிட்டது. ஜாகுவார் ஐ-பேஸ் 2019இல் உலகின் சிறந்த கார் விருது பெற்றது. அதே 2019 மாதிரிகளில் சிலவற்றை 2024இல் அமெரிக்காவில் திரும்ப அழைத்து, 80 விழுக்காட்டுக்கு மேல் ஏற்றவேண்டாம், வெளியில் நிறுத்துங்கள் என்று சொல்லவேண்டி வந்தது. விருதும் வெளியீட்டு விழாவும் பேட்டரிக்குள் இருப்பதைக் காட்டுவதில்லை. ஐஎக்ஸ்3 அப்படி ஆகும் என்று நான் சொல்லவில்லை. புதிய அமைப்பு, புதிய மென்பொருள், முதல் தொகுதி. அதில் உங்கள் அப்பாவை நடுவழியில் வைத்துச் சோதித்துப் பார்க்கவேண்டுமா என்றுதான் கேட்கிறேன்.

கதவுப் பூட்டு போன்றவற்றை இயக்கும் சிறிய 12 வோல்ட் பேட்டரியையும் மறக்காதீர்கள். பெரிய பேட்டரியில் 70 விழுக்காடு இருந்தும் கதவே திறக்காமல் நின்ற வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். இந்தச் சிறியது செத்துப்போயிருக்கும். அப்படிச் செத்தால் கதவைத் திறக்க என்ன வழி என்று விற்பனையாளர் செய்து காட்டட்டும்.

நடுவில்_நிற்பவன் எழுதியது:

எல்லோரும் பொறுக்கச் சொல்கிறீர்கள். நான் மூன்று ஆண்டுகள் பொறுத்தேன். இன்னும் நல்ல பேட்டரி வரும், இன்னும் வேகமாக ஏறும் என்று ஒவ்வோர் ஆண்டும் தள்ளிப்போட்டேன். வந்தது உண்மை. ஆனால் அம்மாவை அலைச்சல் இல்லாமல் அழைத்துப்போகத்தான் அந்த வண்டி, அம்மா அதில் ஏறவேயில்லை. சகோதரியின் அப்பாவுக்கு இப்போதுதான் வலி. வண்டி பொருந்தினால் பதிவு செய்யுங்கள்.

மாடிவீட்டுக்காரி எழுதியது:

நான்காம்கியர் அண்ணா, நீங்கள் சொன்னதைப் படித்தபோது திகைத்துப்போனேன். எஞ்சின் நடுக்கத்தை நினைத்தேனே தவிர இருக்கையின் உயரத்தை நினைக்கவேயில்லை. சக்கரத்தின் அளவு முதுகைப் பாதிக்குமா? படிவத்தில் பெரிய சக்கரத்தைத்தான் குறித்திருக்கிறேன், பார்க்க அழகாக இருந்தது.

நான்காம்கியர் எழுதியது:

கட்டாயம் பாதிக்கும். சக்கரம் பெரிதானால் டயரின் ரப்பர்ச் சுவர் குட்டையாகும், பள்ளத்தின் அடி நேராக இருக்கைக்கு வரும். ஒரே மின்னேற்றத்தில் ஓடும் தூரமும் குறையும். கிடைப்பதில் மிகச் சிறிய சக்கரத்தைக் கேளுங்கள். வெள்ளோட்டத்தையும் அதே சக்கரத்தில்தான் செய்யவேண்டும்.

மாடிவீட்டுக்காரி எழுதியது:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன்.

வழியைப் பார்த்துவிட்டேன். 412 கிலோமீட்டரில் எனக்குப் பயன்படும் நிலையங்கள் மூன்று. 148ஆவது கிலோமீட்டரில் இருப்பது மிக நல்ல இடம், கூரை உண்டு, கழிப்பறைக்குப் படி இல்லை. 290இல் இருப்பதில் இரண்டு மின்னேற்றத் துப்பாக்கிகளில் (வண்டியில் செருகும் முனைகளில்) ஒன்று வேலை செய்யவில்லை. அங்கே காத்திருந்த பெண்மணி போன மாதமும் அப்படித்தான் இருந்தது என்றார். மூன்றாவது நெடுஞ்சாலையை விட்டு ஆறு கிலோமீட்டர் உள்ளே. சமாளித்துக்கொள்ளலாம்.

சங்கச் செயலாளர் தனி வயருக்கு எழுத்தில் சம்மதித்துவிட்டார். மெக்கானிக் ஐயா, பழைய பிளக்கைக் கழற்றியபோது ஒரு திருகு விரலாலேயே சுழன்றது. நன்றி என்று சொன்னால் போதாது.

நேற்று அப்பாவை விற்பனைக்கூடத்துக்கு அழைத்துப் போனேன். பின்னிருக்கையில் பத்து நிமிடம், முன்னிருக்கையில் இருபத்தைந்து நிமிடம். முன்னால் உட்கார்ந்தபோது சாய்மானத்தைத் தாமே மெல்ல மெல்லச் சரிசெய்தார், கண்ணாடி வழியே வெளியே பார்த்தபடி தம் பள்ளிக்கூட நாட்களைப் பற்றிப் பேசிக்கொண்டேயிருந்தார். நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, பேச்சு நிற்கிறதா என்றே கவனித்தேன். நிற்கவில்லை. ஆனால் அங்கே இருந்தது பெரிய சக்கரம் போட்ட வண்டி, ஓட்டிப்பார்க்க இருந்ததும் அதுதான். 20 அங்குலச் சக்கரத்தோடு ஒன்று வந்தால் ஒன்றரை மணி நேரம் அப்பாவோடு ஓட்டவேண்டும் என்று கேட்டேன். வந்ததும் அழைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அதுவரை கையெழுத்து இல்லை. பழைய டீசலுக்குக் கிளட்ச் மாற்ற நாளைக் காலை விடுகிறேன், அடுத்த மருத்துவர் பயணம் அதில்தான்.