பழைய மாணவியர் சங்கம் (கொழும்பு), வட்ஸ்அப் குழு: இந்த வருசத் தொண்டு எது?

செயலாளர் அக்கா: பிள்ளையள், போன கூட்டத்தில வடை முடிஞ்சுது, முடிவு வரேல்ல. இந்த முறை நாடு முழுக்கப் பொருந்துற தொண்டு ஒண்டு எடுக்கோணும். பள்ளிக்கூடக் கூரையை லண்டன் கிளை பாக்கட்டும்.

பொருளாளர்: கையில இருக்கிறது விருந்துக் காசில மிஞ்சினதுதான். அதை மனசில வைச்சுச் சொல்லுங்கோ.

கொட்டாஞ்சேனை அக்கா: மதவாச்சி, பதவியாப் பக்கம் கிட்னி வருத்தம். தண்ணிச் சுத்திகரிப்பு மெசின் ஒண்டு போட்டுக் குடுப்பம்.

பொருளாளர்: போடுறது சரி அக்கா, பிறகு பில்டர் மாத்திறது ஆர்? ஓரிடத்தில பாத்தனான். அன்பளிப்புப் பலகை பளபளக்குது, குழாயில சிலந்தி வலை.

தெஹிவளை டீச்சர்: கான்சருக்கு ஏதாவது செய்வம். 2011 இல தெய்வேந்திரமுனையில இருந்து பருத்தித்துறை மட்டும் நடந்து காசு சேர்த்தெல்லோ தெல்லிப்பழை கான்சர் ஆஸ்பத்திரியைக் கட்டினவை? 2016 இல மறுவளமா நடந்து சேர்த்தது காலி கராப்பிட்டிய கான்சர் ஆஸ்பத்திரிக்கு. நாடு முழுக்க எண்டா அப்பிடி இருக்கோணும்.

செயலாளர் அக்கா: எங்கட முழங்காலுக்கு வெள்ளவத்தைச் சந்தை மட்டும்தான் நடை.

டொக்டர் தங்கச்சி: அக்காமார், கட்டிடம் கட்ட எங்களிட்டக் காசில்லை. ஆனா ஒண்டு கேக்கிறன். எங்கட நாட்டுப் பொம்பிளையளுக்கு ஆகக் கூட வாறது மார்பகப் புற்றுநோய். அதையும் வேற வருத்தங்களையும் நேரத்தோட பிடிக்க 1996 இல இருந்து அரசாங்கத்தின்ர சுகவனிதையர் கிளினிக் நடக்குது. 35 வயசிலயும் 45 வயசிலயும் வரச்சொல்லுவினம். பிரஷர், சீனி, மார்புப் பரிசோதனை, கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு பப் டெஸ்ட், எல்லாம் இலவசம். இந்தக் குழுவில ஆர் ஆர் போனியள்?

(20 நிமிசம் ஒருத்தரும் எழுதேல்ல.)

செயலாளர் அக்கா: நீல டிக் விழுந்திட்டுது, எல்லாரும் வாசிச்சிட்டியள். கள்ளியள்.

தெஹிவளை டீச்சர்: நான் ஒருக்காப் போனனான். படிவம் சிங்களத்தில. மிஸ்ஸி நல்ல மனுசி, ஆனா எனக்கு வாய் வரேல்ல. நெஞ்சைத் தொட்டுக் காட்டினன், அவ இருமலோ எண்டு கேட்டா. "ஓம்" எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன்.

பொருளாளர்: ஐயோ டீச்சர். பிறகு?

தெஹிவளை டீச்சர்: பிறகு தனியாரில காட்டினன். ஒண்டுமில்லை. ஆனா அந்த ரெண்டு கிழமை நித்திரையில்லை.

டொக்டர் தங்கச்சி: இதைத்தான் சொல்லுறன். கிளினிக் இருக்கு, கூட்டிக்கொண்டு போக ஆளில்லை. ஹட்டன், மட்டக்களப்பு, மாத்தளை எல்லா இடமும் எங்கட ஆக்கள் இருக்கினம். ஒவ்வொருத்தரும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போனாப் போதும். சிங்களம் தெரிஞ்சவ கூடப் போகட்டும். தோட்டத்தில கொழுந்தெடுக்கிற பிள்ளைக்கு அண்டைச் சம்பளம் போகும், மிஞ்சின காசை அதுக்குக் குடுப்பம்.

பொருளாளர்: கணக்கு எனக்குச் சரி. ஆனா சங்க மலருக்குப் போடப் படம் வேணுமெண்டு கேப்பினமே?

தெஹிவளை டீச்சர்: பிங்க் கேக் வெட்டிப் படம் எடுக்கிறதெண்டா நான் வரேல்ல.

செயலாளர் அக்கா: கேக் இல்லை. எங்கட பக்கத்துக் கிளினிக் எந்த நாளெண்டு மிட்வைஃப் மிஸ்ஸியிட்டக் கேட்டுப் போடுறன். முதல் ஆள் நான். 45 தாண்டி மூண்டு வருசம், வெக்கம்தான்.

டொக்டர் தங்கச்சி: மாதவிடாய் நாளில வராதேங்கோ, பப் டெஸ்ட் சரிவராது.

பொருளாளர்: நானும் வாறன். டீச்சர், நீங்கள் எனக்குப் பக்கத்தில இருங்கோ, சிங்களம் நான் கதைக்கிறன்.

கொட்டாஞ்சேனை அக்கா: எனக்கு 67. என்னை எடுப்பினமோ?

டொக்டர் தங்கச்சி: வாங்கோ அக்கா, பிரஷராவது பாப்பம்.

கொட்டாஞ்சேனை அக்கா: அப்ப வடை நான் கொண்டு வாறன்.

டொக்டர் தங்கச்சி: பிரஷர் பாத்த பிறகு.