கணவருக்குச் சிவப்பு முடி, மாமனாருக்கு மெலனோமா: எதைக் கவனிக்க வேண்டும்?

தூறல்:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கணவருக்குப் பிறவியிலேயே சிவப்பு முடி. வெளுத்த தோல், முகம் தோள் கை எங்கும் பொட்டுப் பொட்டாகச் செம்புள்ளிகள். சின்ன வயதில் பலமுறை வெயிலில் தோல் வெந்து கொப்புளம் போட்டிருக்கிறதாம். அவருடைய அப்பாவுக்கு முதுகில் மெலனோமா என்ற தோல் புற்று வந்து வெட்டி எடுத்தார்கள், இப்போது நன்றாக இருக்கிறார். அன்றிலிருந்து இவருடைய மச்சங்களை நான்தான் பார்த்துக்கொண்டு வருகிறேன், கறுப்பாக எதுவும் மாறவில்லை.

ஆனால் சில வாரங்களாக முழங்காலுக்குக் கீழே ரோஸ் நிறத்தில் ஒரு சின்ன மேடு, மிளகு அளவுக்கு. பூச்சிக்கடி என்கிறார். வலி இல்லை, அரிப்பு இல்லை, ஆனால் போகவும் இல்லை, முன்னைவிடக் கொஞ்சம் உப்பியிருக்கிற மாதிரி எனக்குத் தோன்றுகிறது. கறுப்பாக இல்லாததால் கவலைப்பட வேண்டாம் என்று நினைப்பது சரிதானா?

இன்னொன்று, எங்கள் மகளுக்கு 6 வயது. என்னைப் போலக் கறுத்த முடி, மாநிறம், மூக்கின் மேல் மட்டும் லேசான புள்ளிகள். முடி சிவப்பாக இல்லையென்றால் அவளுக்கு இந்த ஆபத்து கிடையாதா? என் கணவருக்கு வெளியே ஓடுவது உயிர், வீட்டுக்குள் அடைத்து வைக்கவும் எனக்கு மனமில்லை. இப்படிப்பட்டவர்களோடு வாழ்கிறவர்கள், விவரம் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

கைவிளக்கு:

தோல் சிகிச்சைப் பிரிவில் செவிலியாக இருக்கிறேன். மற்றதெல்லாம் அப்புறம், முதலில் அந்த மேட்டைத் தோல் டாக்டரிடம் காட்டுங்கள், இந்த வாரமே.

மெலனோமா என்றால் கறுப்பாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நிறமியே இல்லாமல், ரோஸ் நிறத்திலோ சிவப்பாகவோ தோலின் நிறத்திலேயோ வருகிற வகையும் உண்டு, சிவப்பு முடிக்காரர்களிடம் அது கூடுதலாகப் பார்க்கப்படுகிறது. பரு, பூச்சிக்கடி, மரு என்று நினைத்தே நாளைக் கடத்திவிடுவார்கள், அதனால்தான் பலருக்குத் தாமதமாகத் தெரிய வருகிறது. மச்சம் பார்க்கச் சொல்லித்தரும் வழக்கமான அடையாளங்கள், அதாவது இரண்டு பாதியும் ஒத்துப்போகாமல் இருப்பது, ஓரம் கோணலாக இருப்பது, பல நிறம், 6 மில்லிமீட்டருக்கு மேல் அகலம், இவை எதுவுமே இதில் இல்லாமல் போகலாம். இதற்குக் கேட்க வேண்டியது வேறு மூன்று கேள்விகள்: மேடாக இருக்கிறதா, தொட்டால் கெட்டியாக இருக்கிறதா, வளர்ந்துகொண்டே போகிறதா?

பயமுறுத்தச் சொல்லவில்லை. சாதாரணமான ஏதோ ஒன்றாகவே இருக்கலாம். பேசல் செல் புற்று என்ற வேறு வகைத் தோல் புற்றாகவும் இருக்கலாம், அது பெரும்பாலும் முத்துப் போல மினுமினுப்பாகத் தெரியும், மெதுவாக வளரும், வெட்டி எடுத்தால் அநேகமாக முடிந்துவிடும். கண்ணால் பார்த்து வீட்டில் முடிவு செய்ய முடியாது என்பதுதான் விஷயம். டாக்டர் டெர்மாஸ்கோப் என்ற பெரிதாக்கிக் காட்டும் கருவியை வைத்துப் பார்ப்பார், சந்தேகம் இருந்தால் பயாப்சி எடுப்பார், அதாவது அந்தத் தசையை வெட்டிச் சோதனைக்கு அனுப்புவார். மெலனோமாவாகவே இருந்தாலும் தோலின் மேலடுக்கில் இருக்கும்போதே கண்டுபிடித்தால் வெட்டி எடுப்பதே பெரும்பாலும் போதுமானது. எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது, நாள் முக்கியம் என்பது அதனால்தான்.

நேரம் வாங்கும்போதே மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்: சிவப்பு முடி, அப்பாவுக்கு மெலனோமா, புதிதாக வந்து வளர்கிற மேடு. அதுவரை பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து போட்டோ எடுத்து வையுங்கள். மரு மருந்து எதையும் வைத்துச் சுட்டுவிடாதீர்கள், பயாப்சிக்குச் சரியாகக் கிடைக்காமல் போய்விடும்.

பாதைவழி:

என் அனுபவத்தில் வெயிலுக்கு உடம்பைப் பழக்குவதுதான் நல்லது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டிக்கொண்டே போனால் தோல் கறுத்து, அதுவே கவசமாகிவிடும். சன்ஸ்கிரீனைப் பூசிப் பூசித் தோலைப் பலவீனமாக்குகிறோம் என்றுதான் எனக்குப் படுகிறது.

உயிரணு:

பாதைவழி, நல்ல எண்ணத்தில் சொல்கிறீர்கள், ஆனால் இவருடைய தோலுக்கு இது பொருந்தாது, ஆபத்தும்கூட. மரபியல் படித்தவன் என்பதால் காரணத்தைச் சொல்கிறேன்.

16ஆம் குரோமோசோமில் எம்சி1ஆர் என்ற மரபணு இருக்கிறது. சிவப்பு முடிக்கும் அதற்கும் உள்ள தொடர்பு 1995இல் தெரிய வந்தது. வெயில் பட்டதும் யூமெலனின் என்ற கரும்பழுப்பு நிறமியைச் செய் என்ற உத்தரவு தோல் செல்லுக்குள் போவது இதன் வழியாகத்தான். இது சரியாக வேலை செய்யாதவர்களிடம் அந்த யூமெலனினுக்குப் பதிலாகச் செம்மஞ்சள் நிறமான ஃபியோமெலனின்தான் அதிகம் உருவாகிறது. அது புற ஊதா கதிரைத் தடுப்பதில் மிகவும் பலவீனமானது. அதனால் இவர்கள் பழகப் பழகக் கறுப்பதில்லை, வேகிறார்கள், ஒவ்வொரு முறையும் டிஎன்ஏ சேதம் சேர்ந்துகொண்டே போகிறது. சும்மா இருக்கும்போதும் ஃபியோமெலனின் கெடுதல் செய்யக்கூடும் என்று 2012இல் எலிகளில் செய்த ஆய்வு காட்டியது: புற ஊதா கதிரே படாமல் வளர்த்த சிவப்பு ரோம எலிகளுக்கும் மெலனோமா வந்தது. மனிதரில் வெயிலின் பங்கை இது குறைத்துவிடவில்லை. நம்மால் கட்டுப்படுத்தக் கூடியது அதுதான்.

தூறல், உங்கள் மகளைப் பற்றி. இந்த மரபணு நம் ஒவ்வொருவருக்கும் இரண்டு பிரதி. சிவப்பு முடிக்குப் பொதுவாக இரண்டிலுமே மாற்றம் இருக்க வேண்டும். ஆகவே அப்பாவிடமிருந்து மாறிய பிரதி ஒன்று அவளுக்கு வந்திருக்கும் என்றே வைத்துக்கொள்ளலாம். 2016இல் வெளியான ஓர் ஆய்வில், இப்படி மாறிய பிரதி ஒன்று மட்டும் உள்ளவர்களின் மெலனோமா கட்டிகளிலும், அது இல்லாதவர்களை விட வெயிலோடு தொடர்புடைய மரபணுப் பிறழ்வுகள் 42 சதவீதம் கூடுதலாக இருந்தன. முடி கறுப்பாக இருப்பதை வைத்து மட்டும் ஆபத்தே இல்லை என்று சொல்ல முடியாது என்றாகிறது. அதேசமயம் அது பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரிடம் பார்த்தது. தோல் நிறத்தைப் பல மரபணுக்கள் சேர்ந்து முடிவு செய்கின்றன, உங்களிடமிருந்து வந்த மாநிறம் அவளுக்கு உண்மையான பாதுகாப்பு, அந்த எண்ணை அப்படியே அவள் மேல் ஏற்றிப் பார்க்காதீர்கள். மரபணுப் பரிசோதனைக்கும் ஓட வேண்டாம், தோல் வேகாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

செம்மண்:

என் மனைவிக்குச் சிவப்பு முடி, பல வருடங்களாக இப்படித்தான் வாழ்கிறோம். ஓட்டத்தை நிறுத்தவே வேண்டாம். நேரத்தை மட்டும் மாற்றச் சொல்லுங்கள், புற ஊதா குறியீடு 3க்குக் கீழே இருக்கும் காலையும் மாலையும் அவருடையது. போனில் வானிலை பார்க்கிற இடத்திலேயே அந்த எண் வரும். வெப்பத்தையும் மேகத்தையும் வைத்துக் கணக்குப் போட வேண்டாம், குளிர்ந்த மேகமூட்டமான நாளிலும் என் மனைவிக்குக் கழுத்து சிவந்துவிடும்.

துணிதான் முதல் காவல். நீளக் கை, காதையும் பிடரியையும் மூடுகிற அகல விளிம்புத் தொப்பி. யூபிஎஃப் 50 என்று போட்ட துணி கதிரில் 50இல் ஒரு பங்கைத்தான் உள்ளே விடும், வியர்த்தாலும் கரைந்து போகாது. துணி மூடாத இடத்துக்கு சன்ஸ்கிரீன். எஸ்பிஎஃப் 30 என்று போட்டது, தோலை வேக வைக்கும் யூவிபி என்ற புற ஊதா கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கிறது, 50 சுமார் 98. எண்ணை விடப் பூசுகிற அளவுதான் வித்தியாசம் செய்கிறது: சோதனைச்சாலையில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் பூசி அளக்கிறார்கள், நாம் சாதாரணமாக அதில் பாதிகூடப் பூசுவதில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, வியர்த்தால் அதற்கு முன்பே மறுபடி. விட்டுப்போகிற இடங்கள் காதின் மேல் விளிம்பு, வகிடு, உதடு, பாதத்தின் மேற்புறம். கார் பக்கக் கண்ணாடி வழியாக யூவிஏ என்ற இன்னொரு வகைப் புற ஊதா கதிர் வரும், நீண்ட பயணத்தில் ஜன்னல் பக்கக் கையையும் மூடிக்கொள்ள வேண்டும்.

சன்ஸ்கிரீனால் பயன் இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு: ஆஸ்திரேலியாவில் நாம்பூர் என்ற ஊரில் 1992 முதல் 1996 வரை 1,621 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் தினமும் பூசச் சொன்னார்கள். பிறகு 10 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததில் தினமும் பூசியவர்களில் 11 பேருக்கு மெலனோமா, மற்றப் பிரிவில் 22 பேருக்கு. தோல் பலவீனமாகும் என்ற பேச்சுக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியாது.

வைட்டமின் டி குறையும் என்று யாராவது கிளப்புவார்கள், ரத்தப் பரிசோதனை செய்து தேவையென்றால் மாத்திரை போட்டால் சரியாகிவிடும். டாக்ஸிசைக்ளின் மாதிரி சில மருந்துகள் தோலை இன்னும் எளிதில் வேக வைக்கும், எந்த மருந்து எழுதினாலும் கேட்டுக்கொள்ளுங்கள். தோலைக் கறுக்க வைக்கும் அந்த விளக்குப் படுக்கைகள் பக்கமே போகக் கூடாது, 2009இலேயே உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் அவற்றைப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று முதல் வகையில் சேர்த்துவிட்டது.

தூறல்:

ரொம்ப நன்றி. கைவிளக்கு சொன்ன அந்த மூன்றையும் படித்துக் காட்டிய பிறகு அவரே போன் போட்டு நேரம் வாங்கிவிட்டார், வியாழக்கிழமை போகிறோம். ஒரே ஒரு சந்தேகம். இவருக்கு நூற்றுக்கணக்கில் புள்ளிகள். அதில் புதிதாக ஒன்று வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

கைவிளக்கு:

நல்லது அம்மா. ஒவ்வொரு புள்ளியையும் நினைவில் வைக்க யாராலும் முடியாது, தேவையும் இல்லை. ஒருவருடைய புள்ளிகள் பெரும்பாலும் ஒரே சாயலில் இருக்கும், அந்தச் சாயலில் சேராத ஒன்றைத் தேடுங்கள். நல்ல வெளிச்சத்தில் முன், பின், பக்கவாட்டு என்று மாதம் ஒருமுறை போட்டோ எடுத்துப் பழைய படத்தோடு ஒப்பிடலாம். முதுகையும் தொடையின் பின்புறத்தையும் நீங்கள்தான் பார்க்க வேண்டும். தலைக்கு ஹேர் டிரையரை ஊதி முடியைப் பகுதி பகுதியாக விலக்கினால் தோல் தெளிவாகத் தெரியும். விரல் இடுக்கு, உள்ளங்கால், நகத்துக்கு அடியிலும் ஒருமுறை பாருங்கள், அந்த இடங்களை உங்களுக்கும் சேர்த்தே பாருங்கள், ஏனென்றால் கறுத்த தோல் உள்ளவர்களுக்கு மெலனோமா வந்தால் பெரும்பாலும் வருவது அங்கேதான், வெயிலுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

வியாழக்கிழமை அந்த ஒரு மேட்டோடு விடாமல் உச்சி முதல் பாதம் வரை முழு உடம்பையும் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்து 6 மாதமா ஒரு வருடமா என்பதை டாக்டரிடமே கேட்டு, கிளம்பும் முன் அந்தத் தேதியையும் வாங்கிவிடுங்கள்.